லாரித் தளத்தில் எதை விரிப்பது?

விழுப்புரம்
4-2-1939

சேசு மரி சூசை

அண்ணன் சவுரிராயன் அவர்களுக்குத் தம்பி இருதயராஜ் எழுதுவது. நான், என் சம்சாரம் பூமாலை, லாரி, மூன்று பேரும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது உங்களுக்கு எழுதி. இதை நீங்கள் பிரிப்பீர்களா, பிரிக்காமலே அடுப்பில் போடுவீர்களா தெரியாது. பிரித்தால் முழுக்கப் படிக்கவும்.

லாரியின் பின்பக்கத் தளம் கெட்டுப்போய்விட்டது. காலையில் மரக்காணத்து உப்பு, மத்தியானம் மண்டி முதலாளியின் மல்லாட்டைக் கடலை மூட்டை, நடுவில் யாராவது செங்கல், இரும்பு. உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கி ஆணியைத் தின்கிறது. இரண்டு இடத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது. தகரம் அடி என்கிறார் ஒருத்தர். தார் ஊற்று என்கிறார் ஒருத்தர். தென்னை நார்ப் பாய் போதும், காசைக் கரியாக்காதே என்கிறார் இன்னொருத்தர். எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. நீங்கள் பி.ஏ. படித்தவர். யோசித்துச் சொல்லுங்கள்.

இதற்கு மட்டும் எழுதவில்லை. போன வாரம் பூமாலை அங்கே வந்து அம்மாவைப் பார்த்தாள். கஞ்சியைக்கூடப் பாதியில் வைத்துவிடுகிறார்களாம். செத்தால் அனந்தபுரத்தில் அப்பா பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார்களாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி சுற்றி இருபத்தைந்து மைலுக்குக் குறையாது. அண்ணிக்கு ஆனது அம்மாவுக்கு ஆகக்கூடாது. அதனால்தான் தளத்தைச் சரிபண்ணப் பார்க்கிறேன்.

தம்பி,
இருதயராஜ்

---

திண்டிவனம்
9-2-1939

தம்பி இருதயராஜுக்கு,

அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். இன்று காலை காப்பியில் வெல்லம் போதவில்லை என்று என்னோடு சண்டை போட்டாள். நீ அதற்குள் பலகை அளக்கிறாய்.

அண்ணிக்கு ஆனது என்று எழுதியிருக்கிறாய். என்ன ஆனது என்பதை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 1936 நவம்பரில் அம்மணி இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்தாள். லாரி வைத்திருக்கும் கொழுந்தன் இருந்தும் அவளுக்கு லாரி கிடைக்கவில்லை. கட்டை வண்டியில் வைத்து, கொட்டுகிற மழையில், ஏரிக்கரைச் சேற்றில் சக்கரம் புதைந்து, மறுநாள் மத்தியானம்தான் அனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம். காத்திருந்த பங்குச் சாமியார் வேறு ஊர்ப் பூசைக்குப் போய்விட்டார். உபதேசியார் ஜெபம் சொல்ல, அவளை அடக்கம் செய்தேன். உன் முதலாளியின் மல்லாட்டை அன்று நனையாமல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனாலும் கேள்வி கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் விடுவது என் தொழிலுக்கு ஆகாது. தார் வேண்டாம். சித்திரை வெயிலில் இளகும், சாக்கு ஒட்டிக்கொள்ளும். நார்ப் பாய் உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பலகையின் மேலேயே படுத்திருக்கும். இரும்புத் தகடு கனம். நாலு மூட்டை குறைத்து ஏற்ற வேண்டிவரும். இவற்றில் தீமை குறைந்தது தகரம். இணைப்புகளை ஈயம் வைத்து அடைக்கச் சொல். தண்ணீர் இறங்காது. மேலே பளபளப்பாகவும் இருக்கும், எங்கள் தலைமை ஆசிரியரைப் போல. எனக்கு ஏழு வருஷம் இளையவர் அவர். அந்த நாற்காலி எனக்கு ஏன் வரவில்லை என்பது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

சவுரிராயன்

---

விழுப்புரம்
18-2-1939

சேசு மரி சூசை

அண்ணன் அவர்களுக்கு,

பதில் போட்டதற்கு சந்தோஷம். திட்டினாலும் உங்கள் கையெழுத்துதான். தலைப்பில் சேசு மரி சூசை போடுவதை விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. அதை நான் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி விரித்து, நீங்கள் சொன்னபடி ஈயம் வைத்து அடித்தாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆணித்தலை கிளம்பி முதல் நாளே மூன்று சாக்கைக் கிழித்தது. ஓடும்போது மேளம் அடிக்கிற மாதிரி சத்தம். நடவுக்குப் போகிற பொம்பளைகளைப் பதினோரு மணி வெயிலில் ஏற்றினேன். ஒரு அம்மா கத்தினாள், "யோவ் டிரைவரு, லாரின்னு சொல்லிட்டு அடுப்புல ஏத்திட்டியே! நாங்க நடவுக்குப் போறோமா, இட்டிலியா வேகறதுக்குப் போறோமா?" சிரித்துக்கொண்டே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். மண்டி முதலாளி முத்துசாமிக்கு அம்மா சீக்காக இருப்பது எப்படியோ தெரிந்துவிட்டது. கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "இருதயராஜு, உங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்லி அனுப்பு. நல்ல மாடா பாத்து ரெண்டு வண்டி அனுப்பறேன். கூலி வேணாம். லாரியில மட்டும் வேணாம்பா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். ஆனா பொணம் ஏத்தின வண்டியில வந்த சரக்குன்னு தெரிஞ்சா மல்லாட்ட ஒடைக்கிற செட்டில எவனும் கை வைக்கமாட்டான்." கெட்ட மனுஷன் இல்லை அண்ணே. அப்படித்தான் பேசினார்.

அதனால் ஒரு யோசனை. இரண்டு தளம் செய்யலாம். அடியில் இருக்கிறது சரக்குக்கு. அதன் மேல் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொரு பலகைத் தளம். அம்மாவைக் கொண்டுபோகும்போது மாட்டுவது, வந்ததும் கழற்றி வீட்டுக்குப் பின்னால் சாத்திவைப்பது. நம்ம ஜனங்களில் வேறு யாருக்கும் தேவைப்பட்டாலும் ஆகும். மாதத்துக்கு இரண்டு பேராவது வந்து கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் கசந்துவிட்டது. முதலாளியிடம், அடித்தளத்தில் ஒன்றும் படவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எப்படி மாட்டுவது, கீல் வைப்பதா, கொக்கி வைப்பதா, ஒரு படம் போட்டு அனுப்பவும்.

இருதயராஜ்

---

திண்டிவனம்
23-2-1939

தம்பிக்கு,

படம் போட்டேன். நன்றாகவே வந்தது. பிறகு கிழித்துவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கிறது. அதன் மேல் ஒரு பித்தளை டம்ளர். ஜன்னல் ஓரத்தில், பானையிலிருந்து இரண்டு கஜம் தள்ளி, ஓர் அலுமினிய டம்ளர். யாரும் எனக்கு ஒன்றும் சொன்னதில்லை. பதினாறு வருஷமாக யாரும் ஒன்றும் சொல்லாமலே அது அங்கே இருக்கிறது. தினமும் கழுவி வைக்கிறார்கள். என் தாகத்துக்கு அவர்கள் குறை வைத்ததே இல்லை.

நீ செய்யச் சொல்வது அந்த டம்ளரைத்தான், மரத்தில். சரக்குக்கு ஒரு தளம், நம் அம்மாவுக்கு ஒரு தளம். அதை மாட்டுவதற்கு நான் கொக்கி வரைந்து தர வேண்டும். செய்கிறவர்கள் செய்வதாவது எனக்குப் புரிகிறது. நாமே அளவெடுத்து, நாமே இழைத்து, நாமே கழற்றிக் கொல்லையில் சாத்திவைக்க வேண்டுமா? உன் முதலாளி கெட்டவர் இல்லை என்கிறாய். பித்தளை டம்ளரில் குடிப்பவர்களும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் என்னைத் தன் மகன் போல நினைத்து எனக்குப் பஞ்சாங்கம்கூடப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

அன்று நீ முதலாளியை மனதில் வைத்தாய், அம்மணி சேற்றில் கிடந்தாள். இன்றும் அதையேதான் செய்கிறாய், கொஞ்சம் செலவு செய்து.

நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து அம்மா கேட்டாள், "யாருக்குடா காயிதம்?" சொன்னேன். "அவன்தான் பேசமாட்டேன்னு நீ சொன்னியே, இப்ப இன்னா வாரத்துக்கொண்ணு எழுதிக்கினு கீற?" என்றாள்.

சவுரிராயன்

---

விழுப்புரம்
27-2-1939

அண்ணே,

லாரி கிடைக்கவில்லை, லாரி கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டீர்கள். ஊரெல்லாம் அதையே சொல்லியிருக்கிறீர்கள். நான் ஒருத்தரிடமும் மறுத்துப் பேசினதில்லை. இனிமேல் முடியாது. இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

அண்ணி இறந்த அன்று தந்தி காலை பத்து மணிக்கு வந்தது. ஏற்றின மூட்டையை மண்டி வாசலிலேயே இறக்கிப்போட்டுவிட்டு மழையோடு மழையாக வந்தேன். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் லாரி நின்றது. நீங்கள் வந்து பின்கதவைத் திறந்து பார்த்தீர்கள். தளத்தில் எட்டுச் சாக்கு விரித்து மேலே தார்ப்பாய் போட்டிருந்தேன். "இது எதுக்கு?" என்று கேட்டீர்கள். அண்ணி மெத்தையாகப் படுக்கட்டும் என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உங்களிடம் எனக்குப் பொய் வராது. "பலகையில படக்கூடாதுண்ணே, மொதலாளிக்குத் தெரிஞ்சா வம்பு" என்றேன்.

நீங்கள் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "வண்டிய எடுத்துக்கினு போ. உன் பலகைக்குத் தீட்டுப்படாம அவ நடந்துகூடப் போவா."

சாக்கை எடுத்துவிடுகிறேன் என்றேன். காலைப் பிடித்தேன். ஆஸ்பத்திரி ஆயாகூட உங்களுக்குச் சொன்னாள். நீங்கள் கட்டை வண்டி பிடித்தீர்கள். வண்டிக்குப் பின்னாலேயே செஞ்சி ரோட்டில் இரண்டு மைல், முதல் கியரில் வந்தேன். மனசு மாறி ஏற்றச் சொல்வீர்கள் என்று. நீங்கள் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது.

சாக்கு விரித்தது என் தப்பு. அதற்கு நான் சாகிறவரைக்கும் அழுவேன். ஆனால் லாரி வந்தது அண்ணே. வந்தது.

இருதயராஜ்

---

திண்டிவனம்
12-3-1939

தம்பி இருதயராஜுக்கு,

உன் கடிதத்தைப் பன்னிரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

லாரி வரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். முதலில் சொன்னபோது அது பொய் என்று தெரியும். ஆறு மாதம் கழித்துச் சொன்னபோது பாதி தெரியும். பிறகு அதுவே எனக்கு நடந்ததாகிவிட்டது. சரித்திரம் கற்பிக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்கிறாய். பார்க்கவில்லை. ஆனால் இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எந்த இடத்தில் நின்றது என்றுகூட எனக்குத் தெரியும். புளியமரங்கள் முடிந்து பாலம் வருகிற இடம். சத்தம் நின்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டாயே என்று. இதைவிட அதிகமாக ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை. நீ சாக்கு விரித்தது இதனால் சரியாகிவிடாது. நான் அனுப்பிவிட்டதும் சரியாகிவிடாது. இரண்டையும் சேர்த்து அம்மணிதான் அனுபவித்தாள்.

தளத்துக்கு வருகிறேன். கோட்டக்குப்பம் இப்ராஹிம் ஷா தெரியுமல்லவா, படகு கட்டுகிறவர்களுக்கு மரம் விற்பவர்? சந்தையில் பார்த்தேன். தகரம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார். "யாரு வாத்தியாரே இந்த யோசனையக் குடுத்தது? உப்புத் தண்ணி எப்படியும் உள்ள பூந்துரும். பூந்தா வெளிய வர வழி இல்ல. மேல மூடினா கீழ அழுவும். படகுக்காரன் எவனாவது தகரம் அடிச்சிப் பாத்திருக்கியா? ஜல்தியாப் பிரிக்கச் சொல்லு." யோசனை கொடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை.

அவர் சொல்வது இது. முற்றின பனையை அறுத்து, நன்றாகச் சிலாம்பு போக இழைத்து, சட்டம் சட்டமாகப் போட வேண்டும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. உப்போ தண்ணீரோ வந்த வழியே கீழே போய்விடும். மேலே முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் இரண்டு பூச்சு. பூச்சி, உப்பு, வெயில் எதுவும் அண்டாது. அதற்கு மேல் ஒன்றையும் விரிக்கக்கூடாது. ஒவ்வொரு நடையும் முடிந்ததும் கழுவிக் காற்றில் விட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா இளைத்துவிட்டாள். உன் கடிதங்களைப் படித்துக் காட்டச் சொன்னாள். கடைசிக் கடிதத்தைப் படிக்கமாட்டேன் என்றேன். படிடா என்றாள். படித்தேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இவ்ளோ படிச்சவன் நீ, இவ்ளோ ஊரு சுத்தினவன் அவன், ரெண்டு பேருக்கும் மூள இல்லியா? உசுரோட நடவுக்காரிங்க ஏறினா மொதலாளிக்குத் தீட்டு இல்ல, செத்தாதான தீட்டு? அப்ப நான் உசுரோடயே போறேன். போயி அங்க சாவறேன். அவனை வரச் சொல்லு. நீங்க பலகையப் பத்தி எழுதிக்கினே இருந்தா நான் இங்கயே போய்ச் சேந்துருவேன்."

சவுரிராயன்

---

விழுப்புரம்
19-3-1939

சேசு மரி சூசை

அண்ணன் அவர்களுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நான் சொல்ல பூமாலை எழுதுகிறாள். என் இரண்டு கையும் கொப்பளித்துக் கிடக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே தகரத்தைப் பிரித்தேன். இப்ராஹிம் பாய் சொன்னது நிஜம். ஒரு மாதம்தான் ஆகியிருக்கும், அடியில் பலகை ஊறிக் கறுத்து, விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. ஈயம் வைத்து அடைத்த இடத்தில்தான் மோசம். அதை யார் வைக்கச் சொன்னது என்று நானும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பனஞ்சட்டம் போட்டாயிற்று. அழகாக இருக்கிறது அண்ணே, கறுப்பும் செவப்புமாக வரி வரியாக.

எண்ணெய்தான் தப்பாகிவிட்டது. அது தோலைப் பொசுக்கும், குச்சியில் துணி சுற்றித்தான் பூசணும் என்று உங்களிடம் பாய் சொல்லவில்லையா, சொல்லியும் நீங்கள் எழுதவில்லையா? அம்மா காத்திருக்கிறார்களே என்ற அவசரத்தில் விளக்கெண்ணெய் மாதிரி உள்ளங்கையால் தேய்த்துவிட்டேன். மறுநாள் காலையில் கை வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்துவிட்டது. ஆனால் நான் பொறுத்துக்கொண்டேன். (பொய். அழுதார். - பூமாலை)

சட்டம் காய இன்னும் பத்து நாள் ஆகும். நகத்தால் கீறினால் ஒட்டக்கூடாதாம். அதற்குள் யாராவது வெறும் உடம்போடு உட்கார்ந்தால் தோல் உரிந்துவிடும். அம்மாவை அதில் ஏற்ற முடியாது. முன்னால் என் பக்கத்தில் அவர்களால் உட்கார்ந்து வர முடியுமா?

முதலாளியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்தது ஒரு தடவை போதும். "எங்கம்மாவ உசுரோட கூட்டிக்கினு போறேன். வழியில ஏதாச்சும் ஆனாலும் இதே வண்டியிலதான் கொண்டுபோவேன். இனிமே நம்ம ஜனங்க கேட்டாலும் இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றேன். வெற்றிலையை மென்றுகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நீ சொல்லாம பண்ணியிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன். இப்பச் சொல்லிட்டியே, நான் இன்னா பண்றது?" என்றார். கடைசியில், "திண்டிவனத்துல நாப்பது மூட்ட கெடக்குது, அத ஏத்திக்கினு வந்துரு. அப்பால பாக்கலாம்" என்றார். அப்பால என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கை கொப்பளம் ஆறும் வரைக்கும் ஸ்டியரிங் பிடிக்கத் துணி சுற்றிக்கொள்கிறேன்.

இருதயராஜ்

---

திண்டிவனம்
22-3-1939

தம்பிக்கு,

பாய் சொன்னார். துணியால் பூச வேண்டும் என்று சொன்னார். அம்மா பேசியதை எழுதுகிற வேகத்தில் அதை விட்டுவிட்டேன். உன் கையைப் பற்றி எழுதினால் வேறு ஏதாவது எழுதிவிடுவேன், அதனால் எழுதவில்லை.

பத்து நாள் கிடையாது. நேற்றுச் சாமியார் வந்து அம்மாவுக்குக் கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அவரிடமும் அனந்தபுரம் போவதாகத்தான் சொன்னாள். உட்கார்ந்து வர அவளால் ஆகாது. சனிக்கிழமை காலை கட்டாயம் வா. இங்கே மூட்டையை முதலில் ஏற்றிவிடு. பின்பக்கம் ஓராள் படுக்கிற இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு அடுக்கு மூட்டை போடு. அதன் மேல் வைக்கோல், பாய், என் படுக்கை எல்லாம் நான் விரிக்கிறேன். அவள் உடம்பில் தளம் படக்கூடாது.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு, எட்டுச் சாக்கைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சவுரிராயன்

---

திண்டிவனம்
16-4-1939

அன்புள்ள தம்பி இருதயராஜுக்கு,

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் நாம் இரண்டு பேரும் தனியாக நாலு வார்த்தை பேச முடியவில்லை. பேச முடிந்திருந்தாலும் பேசியிருப்போமா என்பது வேறு. அந்தச் சனிக்கிழமை நீ முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நான் விரித்த படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு அம்மா சிரித்தாள். "இன்னாடா சவுரி, எனக்கு மெத்தையா? கண்ணாலத்துக்குக்கூட எனக்கு எவனும் மெத்தை போடல." செஞ்சி தாண்டும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நீ பள்ளத்தில் இறக்கும்போதெல்லாம், "மெதுவாப் போடா, உங்க மொதலாளி மல்லாட்ட ஒடஞ்சிடப் போவுது" என்று உனக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். சாக்கில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் விரலை விட்டு இரண்டு மல்லாட்டை எடுத்தாள். மெல்லப் பல் இல்லை. உரித்து எனக்குக் கொடுத்தாள். தின்றேன்.

பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, "அவளையும் இப்படிக் கூட்டிக்கினு போயிருக்கலாம்டா" என்றாள்.

அம்மணி இறந்ததிலிருந்து என் பக்கத்து நியாயத்தை நான் ஆயிரம் தடவை எனக்குள் சொல்லியிருப்பேன். அந்த மூட்டை மேல் உட்கார்ந்து அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

அனந்தபுரம் கடைத்தெரு வந்ததும், "உக்கார வைடா" என்றாள். முதுகுக்கு என் தோளைக் கொடுத்து நிமிர்த்தி வைத்தேன். நம்மில் யாராவது இறந்தால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வயல்வழியாகத்தான் எடுத்துப்போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? நடுத்தெருவில் முதலாளியின் மூட்டைகள் மேலே உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஜவுளிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா மொதலாளி, கட எப்படி நடக்குது?" என்று கேட்டாள். அவர் பழக்கதோஷத்தில் "நல்லா நடக்குதும்மா" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு நம் தெரு வரும்வரை என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள்.

ஆறு நாள் இருந்தாள். எடுத்துப்போனது நம் தோளில், வயல்வழியாகத்தான். லாரிக்கு வேலையே இல்லை. நீ கையைப் பொசுக்கிக்கொண்டு செய்த தளத்தை அவள் ஒரு விரலால்கூடத் தொடவில்லை. அதைப் பற்றி உனக்கு வருத்தம் இருக்கும். எனக்கும் இருந்தது. நேற்று வரை.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் தேவசகாயம் நேற்று வந்தான். அவன் மனைவி ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அம்மணி கிடந்த அதே வார்டு. இரண்டு நாளோ மூன்று நாளோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு ஊர் மேல்மலையனூருக்கு அந்தப் பக்கம். உயிரோடு எடுத்துப்போகிற நிலையில் அவள் இல்லை. "சார், உங்க தம்பி லாரி வெச்சிருக்காராமே, கேட்டா வருவாரா?" என்று கேட்டான். இதே கேள்வியை முன்பு மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வரமாட்டான் என்று மூன்று பேரிடமும் சொன்னேன். அவர்கள் எப்படிப் போனார்கள் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

முத்துசாமி மண்டிச் சரக்கு போன வாரம் வேறு லாரியில் வந்ததைச் சந்தையில் பார்த்தேன். "அப்பால" என்பதற்கு அர்த்தம் அதுதான் போலிருக்கிறது. அதனால் உன்னை வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. ஜன்னல் ஓரத்து டம்ளரும் அப்படியே இருக்கிறது. பதினாறு வருஷத்தில் நான் ஒருநாளும் பானையின் மேலிருந்த டம்ளரைக் கையில் எடுத்ததில்லை. நீ முதலாளி எதிரில் நின்று பேசிவிட்டு வந்திருக்கிறாய். இனி எதை ஏற்றுவது, எப்படி ஏற்றுவது என்பதில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சட்டம் காய்ந்திருக்கும். அதுவரைதான் எனக்குத் தெரியும்.

தேவசகாயத்திடம், தம்பிக்கு எழுதுகிறேன், தந்தி அடித்தால் வருவான் என்று சொல்லியிருக்கிறேன். அவன் ரோஷக்காரன். அதனால் இன்னொன்றும் சொன்னேன். லாரி எந்தக் கோலத்தில் வந்து நின்றாலும் முதலில் அவளை ஏற்றிக்கொண்டு புறப்படு, கேட்க வேண்டியதையெல்லாம் மண் போட்ட பிறகு கேட்டுக்கொள் என்றேன். ஏன் சார் அப்படிச் சொல்றீங்க என்றான். அன்று ஆஸ்பத்திரி வாசலுக்கு லாரி வந்தது, நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று சொன்னேன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணன்,
சவுரிராயன்